நிறுத்தத் தெரியாத கை

அக்கா என்னை முதன்முதலில் பார்த்தபோது முகத்தைப் பார்க்கவில்லை, பல்லைத்தான் பார்த்தார். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில் ஒரு பல் கிளினிக் இருந்தது. அங்கே வரவேற்பு மேசையில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள் அது. பின்பக்கத்துச் சின்ன அறையிலிருந்து எட்டிப் பார்த்தவர், நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், "மேல் வரிசையில ஒரு பல்லு லேசாத் தேஞ்சிருக்கே, தூக்கத்துல நறநறன்னு கடிப்பியா?" என்று கேட்டார்.

கடிப்பேன். என் அம்மாவைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

டாக்டரம்மா நோயாளிகளின் வாயில் அச்செடுத்துக் கொடுப்பார். அந்த அச்சை வைத்துப் பல் செட் செய்வது அக்காவின் வேலை. ஜன்னலோரம் ஒரு மேசை, காலால் மிதித்து ஓட்டும் சிறிய மோட்டார், அதன் நுனியில் பேனா போலப் பிடித்துக்கொள்ளும் மெருகுக் கருவி, ரோஜா நிற மெழுகு, எந்நேரமும் புருவத்தில் வெள்ளைப் பொடி. நான் பார்த்த அக்கா அவ்வளவுதான். அவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயரை அச்சில் பார்த்தால் மகிழ்ச்சியடைகிற ஆள் இல்லை அவர். எழுத்தின் சுழி சரியாக வளையவில்லை என்று குறை சொல்வார்.

ஒரு பல் செட் முடிந்துவிட்டதா என்று கேட்டால், சிங்கப்பூர்க்காரர்களின் 'லா'வோடு அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்.

"இன்னும் கொஞ்சம்தான் லா."

அந்த இன்னும் கொஞ்சத்துக்கு எல்லை கிடையாது. நோயாளி வந்து காத்திருப்பார், நான் உள்ளே போய் நிற்பேன், டாக்டரம்மாவும் வந்து நிற்பார். அக்கா பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், விரலால் தடவுவார், மறுபடியும் மோட்டாரை மிதிப்பார். எங்கள் கண்ணுக்கு அதில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அதை வாயில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வந்து "உறுத்துது" என்று சொன்னதே இல்லை. சிலர் போட்டிருப்பதையே மறந்துபோய், "என் பல் செட்டைக் காணோம்" என்று கிளினிக்குக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

பல்லோடு நின்றிருந்தால் சரி. எங்கள் கிளினிக்கின் கழிவறைக் கதவு மூடும்போது தாழ்ப்பாள் கொஞ்சம் இழுக்கும். ஒரு மதியம் சாப்பிட்டு முடித்த கையோடு அக்கா அரத்தை எடுத்துக்கொண்டு போனார். முதல் தேய்ப்பிலேயே தாழ்ப்பாள் சரியாகிவிட்டது. "நல்லாருக்கு அக்கா, விடுங்க" என்றேன். விடவில்லை. தேய்த்துத் தேய்த்து வெண்ணெய் மாதிரி ஆக்கினார். அதன் பிறகு அந்தத் தாழ்ப்பாள் எதிலும் பிடித்து நிற்கவில்லை, கதவு தானாகத் திறந்துகொண்டது. புதுத் தாழ்ப்பாள் வரும்வரை உள்ளே போகிறவர்கள் ஆள் இருப்பது தெரிவதற்காகப் பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மாவுக்கு இவ்வளவு நல்ல குரல் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று நான் கேட்டதற்கும் அதே கதைதான். இளவயதில் ஒருவர் பெண் பார்க்க வந்தாராம். நல்ல மனிதர், துறைமுகத்தில் வேலை. தனியாகப் பேசச் சொல்லி விட்டார்களாம். "நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. அவருக்கு என்னைப் பிடிச்சிருந்துச்சு, எனக்கும் அவரைப் பிடிச்சிருந்துச்சு. அதோட எழுந்திருச்சிருக்கணும். நான் போய், 'உங்கம்மா சொன்னதாலதான் வந்தீங்களா'ன்னு கேட்டேன். ஆமான்னாரு. 'அவங்க வேண்டாம்னு சொன்னா வந்திருக்க மாட்டீங்களா'ன்னு கேட்டேன். யோசிச்சாரு. யோசிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டாரு." சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அக்காவிடம் ஒரு கார் இருந்தது. வெள்ளை நிறம், பழைய ஜப்பான் வண்டி. புக்கிட் மேராவில் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் அதை விட்டிருப்பார். சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவர்கள் அதை அலுவலகத்துக்கு ஓட்டுவார்கள். அக்கா பஸ்ஸில்தான் வேலைக்கு வருவார். கார் ஊர் சுற்ற மட்டும். விடுமுறை விட்டால் ஜொகூர் பாலத்தைத் தாண்டி வடக்கே மலேசியாவுக்குப் போய்விடுவார். திரும்பி வந்து ஒரே புலம்பல்.

"மேட்டுல ஏற மாட்டேங்குது. ஏர்கான் போட்டா போதும், மூச்சு முட்டுது அதுக்கு. காய்கறி லாரிலாம் என்னைத் தாண்டிப் போகுது. ஓட்டுறவன் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறான்."

அந்த நாட்களில்தான் மதிய உணவு நேரத்தில் அவர் கைப்பேசியில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு, ஓர் அலுமினியத் துண்டைக் குடைந்துகொண்டிருப்பார். அதற்குப் பெயர் த்ராட்டில் பாடி என்று அக்கா எனக்கு விளக்கினார். எஞ்சினுக்குள் காற்று போகிற வாசல் அது. வட்டமான குழாய், நடுவில் ஒரு தகடு. ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திரும்பி வழிவிடும், காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். தொழிற்சாலையில் வார்த்தெடுக்கும்போது உள்ளே சொரசொரப்பும் சின்னச் சின்ன விளிம்புகளும் நின்றுவிடும். காற்று அதில் முட்டி முட்டிப் போகும். அதையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கினால் காற்று தடையில்லாமல் போகும், வண்டி லேசாகும்.

"இதைப் பாத்தியா? இது நம்ம வேலை லா" என்றார். கண் பளபளத்தது. "பல்லு மாதிரிதான். கொஞ்சம் பெருசு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். சமையலறை மேசையில் தமிழ்ச் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் த்ராட்டில் பாடியை வைத்திருந்தார். காரிலிருந்து அவரே கழற்றி, ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு லிஃப்டில் தூக்கி வந்திருக்கிறார். பார்ப்பதற்கு ஆட்டுத் தலை மாதிரி இருந்தது. ஸ்பிரே அடித்துக் கரியைக் கழுவினார். தகட்டையும் அதைப் பிடித்திருந்த அச்சுக் கம்பியையும் பிரித்து எடுத்தார். பிறகு கிளினிக்கில் போடும் அதே முகமூடியைப் போட்டுக்கொண்டு, வீட்டில் வைத்திருந்த மெருகுக் கருவியைக் கையில் எடுத்தார். வாய்ப்பகுதியில் இருந்த விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பிறகு தண்ணீர் தொட்ட உப்புத்தாள், பிறகு அதைவிட மெல்லிய தாள்.

"இங்க பாரு. தகடு வந்து மூடுற இடத்துல கருப்பா ஒரு பூச்சு இருக்கு. அதைத் தொடக் கூடாதுன்னு அந்த ஆளு சொல்றான். அது போச்சுன்னா தகடு சரியா மூடாது" என்றார். அன்றைக்கு அவர் அதைத் தொடவில்லை. எப்படித் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டார் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அடுத்த வாரம் என்னையும் என் கணவரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஃபேபர் மலைமேல் போனார். ஏர்கான் முழுதாக ஓடியது. வளைவில் திரும்பி மேட்டைப் பிடித்தபோது கார் சிணுங்கவே இல்லை. மேலே நிறுத்தியதும் கீழே துறைமுகத்தில் கப்பல்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. அக்கா கப்பலைப் பார்க்கவில்லை. எஞ்சின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று பார்ப்பவர் மாதிரி நின்றார்.

என் கணவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பொறியாளர். லேசில் எதையும் நம்ப மாட்டார். அன்றைக்கு நம்பிவிட்டார்.

எங்களிடமும் அதே மாடல் கார் ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. கல்யாணமாகி நெடுநாள் கழித்து நான் கருவுற்றிருந்தேன். கிளமெண்டியிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வர வேண்டாம் என்று என் கணவர் பழைய வண்டி ஒன்றைத் தேட, இந்த மாடல்தான் தனக்குத் தெரியும் என்று சொல்லி எங்களுக்காக அலைந்து பொறுக்கி எடுத்ததே அக்காதான். எங்கள் வண்டியும் மேட்டில் திணறியது.

"அக்கா, எங்களுதையும் செஞ்சு குடுங்களேன்" என்று மலைமேலேயே என் கணவர் கேட்டார்.

"செஞ்சிட்டாப் போச்சு" என்றார் அக்கா.

எங்கள் த்ராட்டில் பாடியை அவர் வீட்டு மேசையில் வைத்து வேலை செய்தபோது நான் பக்கத்தில் இல்லை. பிறகு அவரே சொல்லித்தான் தெரியும். எங்களுடையதில் கரி அதிகம் படிந்திருந்ததாம். வாய்ப்பகுதியைத் தன்னுடையதைவிட நன்றாகச் செய்துவிட்டாராம். கை நல்ல பதத்தில் இருந்ததாம். எது கரி, எது பூச்சு என்று பிரித்துச் சொல்ல முடியாத இடம் ஒன்று வந்ததாம். அங்கேயும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்விட்டார். உள்ளே முழுவதும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது அதில் என் முகம் தெரிந்தது.

மாட்டி ஓட்டியதும் எஞ்சின் கொஞ்சம் வேகமாகவே சுற்றியது. அக்கா ஒரு திருகாணியைத் திருகி அதை அடக்கினார். "கொஞ்சம் ஓட்டுங்க தம்பி, சரியாயிடும்" என்றார். சரியானது போலத்தான் இருந்தது. என் கணவர் இரண்டு மூன்று நாள் சிறுபிள்ளை மாதிரி சந்தோஷமாக ஓட்டினார்.

அது நடந்தது ஒரு மாலை. மருத்துவமனையில் பரிசோதனை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியெல்லாம் நெரிசல். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. எங்கள் குடியிருப்புப் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மேலே ஏறி, காலியாக இருந்த இடத்துக்குள் மெதுவாக நுழைந்தோம். என் கணவர் பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்த கணம், யாரும் மிதிக்காமலே எஞ்சின் உறுமியது. கார் முன்னால் பாய்ந்து சுவரில் மோதி நின்றது.

பெரிய மோதல் இல்லை. முன்பக்கம் நசுங்கியது, அவ்வளவுதான். ஆனால் சீட் பெல்ட் என் வயிற்றை இறுக்கிப் பிடித்துவிட்டது. என் கணவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். பிறகு அவர் என்னைப் பார்த்து, "வலிக்குதாம்மா?" என்றார். அந்தக் குரலை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வலிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒன்றுமே தெரியவில்லை.

டாக்சி பிடித்து வந்த வழியே மருத்துவமனைக்குத் திரும்பினோம். வயிற்றில் கருவியை வைத்துத் தேடிய தாதி பேசாமல் தேடிக்கொண்டே இருந்தார். பிறகு குதிரை ஓடுவது போல அந்தச் சத்தம் கேட்டது. என் கணவர் சுவரில் நெற்றியை வைத்து அழுதார்.

யார் சொன்னார்களோ, அக்கா வந்துவிட்டார். என் படுக்கை வரை வரவில்லை. புருவத்தில் வெள்ளைப் பொடியோடு கதவருகே நின்றார். என் கணவர் எழுந்து போனார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தேன்.

"புள்ளை நல்லாருக்கு அக்கா. நீங்க கிளம்புங்க."

"தம்பி, நான் அந்தப் பூச்சைத் தொட்டிருக்கக் கூடாது. அதனாலதான் தகடு மூடாம நின்னுடுச்சு. தெரிஞ்சேதான்..."

"இப்ப எதுவும் பேச வேணாம். எங்க வீட்டுக்கும் இனிமே வராதீங்க. அவ்ளோதான்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கும் கோபம்தான். என் வயிற்றின் மேல் பெல்ட் இறுக்கிய தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

சில நாள் ஓய்வுக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன். அக்கா "சாப்டியா" என்று கேட்பார், நான் "ம்" என்பேன், அதோடு சரி. மாறியிருந்தது வேறொன்று. பல் செட்டெல்லாம் சொன்ன நேரத்துக்கு என் மேசைக்கு வந்துவிடும். சில சமயம் அதற்கு முன்பே. உள்ளே மோட்டார் ஓடும், சட்டென்று நிற்கும். டாக்டரம்மாவுக்கு முதலில் சந்தோஷம். "என்ன இது, உங்க அக்கா இப்பல்லாம் டைமுக்குத் தர்றாங்க" என்றார். பிறகு ஒருநாள் ஒரு பல் செட்டைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இது யாரு பல்லு வேணும்னாலும் இருக்கலாம்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நாயனக்காரர் வந்தார். கேலாங் பக்கம் ஒரு கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்திருந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து முன்பல் இரண்டும் போய்விட்டன. முன்பல் இல்லாவிட்டால் உதட்டுக்குப் பிடிமானம் கிடையாது. நாதஸ்வரத்தின் நுனியில் வைத்து ஊதும் சீவாளியைக் கவ்வினால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். அக்கா செய்து கொடுத்த பல்லைப் போட்டுக்கொண்டு போனவர், மறுநாள் காலையில் உறையோடு நாதஸ்வரத்தையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"பல்லு அழகா இருக்கும்மா. ஆனா ஊதுனா சீட்டியடிக்குது" என்றார்.

அக்கா அவர் வாயைப் பார்த்தார். "நல்லாத்தாண்ணே பொருந்தியிருக்கு. போகப் போகப் பழகிடும்."

"பழகாதும்மா. அது உங்களுக்கே தெரியும்."

"இதுக்கு மேல நான் கை வெச்சா கெட்டாலும் கெட்டுடும்ணே. இப்படியே இருக்கட்டும்."

நாயனக்காரர் மெழுகு டப்பாக்களை ஒதுக்கிவிட்டு மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "சாயந்தர பூஜைக்கு நான் ஊதியாகணும். கெட்டுப் போனா இன்னொண்ணு செய்ங்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பல்லைக் கழற்றி அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

அக்கா அதை வைத்துக்கொண்டு நின்றார். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முகமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்று முழுவதும் அந்த அறையில் வேறு வேலை நடக்கவில்லை. அக்கா பல்லின் உட்பக்கத்தில் மயிரிழை அளவு தேய்ப்பார். நாயனக்காரர் அதை வாயில் போட்டு ஊதுவார். தலையை ஆட்டுவார். மறுபடியும். முதலில் சீட்டி கேட்டது. பிறகு சீட்டி குறைந்து கரகரப்பு வந்தது. மேல் சட்ஜம் நின்றது, கீழே இறங்கும்போது உடைந்தது. கீழே பூக்கடைப் பெண்கள் மல்லிகை தொடுப்பதை விட்டுவிட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்று ஒருவர் மேலேறி வந்தே கேட்டுவிட்டார். மதியத்துக்கு மேல் ஒரு தடவை நாயனக்காரர் ஊத ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சின்ன அறையில் கண்ணாடிப் புட்டியெல்லாம் அதிர்ந்தன. டாக்டரம்மா ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊதி முடித்ததும் நாயனக்காரர் அக்காவைக் கும்பிட்டார். அக்காவும் கும்பிட்டார்.

அவர் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார். "வண்டி இன்னும் அப்படியேதான் நிக்குதா?"

"முன்பக்கத்தைச் சரி பண்ணியாச்சு. அந்தப் பார்ட்டை மட்டும் மாத்தணும்னு வொர்க்‌ஷாப்ல சொல்லிட்டாங்க. ஆர்டர் பண்ணித்தான் வரணுமாம். அவரு வித்துடலாம்கிறாரு" என்றேன். விபத்துக்குப் பிறகு நான் அக்காவிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்து நடந்ததை என் கணவர் சொல்லித்தான் கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கப்பல் பட்டறை வாசலில் தன்னைத் தேடி ஆள் வந்திருப்பதாகக் காவலாளி கூப்பிட்டாராம். போய்ப் பார்த்தால் அக்கா, வெயிலில், கையில் ஐஸ்கிரீம் டப்பா. புக்கிட் மேராவிலிருந்து பார்த்தால் துவாஸ் சிங்கப்பூரின் மறுகோடி. பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். ஏனென்றால் அவர் கார் ஓடாது. அதன் த்ராட்டில் பாடி அந்த டப்பாவுக்குள் இருந்தது.

"இது என்னோடது தம்பி. இதுல நான் பூச்சைத் தொடல. நீங்களும் அன்னிக்கு மலை மேல பாத்தீங்க. உங்க வண்டியில இதைப் போட்டுக்குங்க. உங்களுத நான் எடுத்துக்கிறேன்."

"வேணாம் அக்கா. உங்க வண்டி எப்படி ஓடும்?"

"அதை நான் பாத்துக்கிறேன். வண்டியை மட்டும் வித்துடாதீங்க. புள்ளையைக் கூட்டிட்டு வர அவளுக்கு வண்டி வேணும்ல." பிறகு சொன்னாராம்: "நான் தொட மாட்டேன். நீங்களே மாட்டுங்க. வேணும்னா பக்கத்துல நிக்கிறேன்."

என் கணவர் அன்று வீட்டுக்கு வந்து டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெயில்ல நின்னு முகமெல்லாம் கருத்துப் போச்சு அவங்களுக்கு" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் நிறுத்துமிடத்தில், அதே சுவருக்கு எதிரில், என் கணவர் குனிந்து வேலை செய்தார். அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் குழாயை முதலில் கழற்ற வேண்டும், எந்த இணைப்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று அக்கா வாயால் மட்டும் சொன்னார். ஒரு திருகாணி கை தவறி எஞ்சினுக்குள் விழப்போனபோது அவர் உடம்பு முன்னால் பாய்ந்தது. கை மட்டும் வரவில்லை.

கடைசித் திருகாணியை என் கணவர் முறுக்கினார். இறுகிவிட்டது. அவர் மனம் கேட்கவில்லை, என்னையும் வயிற்றுப் பிள்ளையையும் நினைத்துப் பயம் அவருக்கு. மூச்சைப் பிடித்து மறுபடி முறுக்கப் போனார்.

"போதும் தம்பி" என்றார் அக்கா. "அலுமினியம் அது. அதுக்கு மேல திருகுனா மரை போயிடும். போதும்."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கணவரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பின்னால் என் கணவருக்கு. கடைசியாக அக்காவுக்கு. கீழ்த்தளத்தில் காப்பிக்கடைக்குப் போய் மூவரும் பால் விடாத தேநீரான தே ஓ குடித்தோம். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்காவின் கார் நெடுநாள் அசையாமல் நின்றது. ஜொகூரில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் ஏறி இறங்கி, வேறொரு த்ராட்டில் பாடியைத் தேடிப் பிடித்தார். அதை மெருகேற்றினாரா என்று நான் கேட்கவில்லை. காய்கறி லாரிகளைப் பற்றிய புலம்பல் மட்டும் மறுபடி தொடங்கியது.

மகள் பிறந்ததும் மருத்துவமனைக்கு வந்தார். இந்தத் தடவை படுக்கை வரை வந்தார். குழந்தை அழுவதற்கு வாயைத் திறந்தது. அக்கா குனிந்து அந்த ஈறுகளை உற்றுப் பார்த்தார். நானும் என் கணவரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம்.

"ஒரு பல்லுகூட இல்லாம எவ்ளோ அழகா இருக்கு லா" என்றார். "நான் செய்யறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல."

காலம் ஓடிவிட்டது. டாக்டரம்மா ஓய்வு பெற்றார், கிளினிக் இருந்த மாடியில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். அக்கா வீட்டிலிருந்தபடியே பழைய நோயாளிகளுக்கு மட்டும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் மகளும் தீபாவளிக்குத் தீபாவளி போவோம். சென்ற ஆண்டு ஒரு காலை, மேசையருகே விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம் என்றார்கள்.

புக்கிட் மேராவில் அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். சொந்தம் என்று சொல்ல ஈப்போவிலிருந்து வந்த தம்பி குடும்பம் மட்டும்தான். கூட்டமே வராது என்று பயந்துகொண்டு போனேன். பிற்பகலில் பார்த்தால் நாற்காலி போதவில்லை. எல்லாம் கிளினிக்கின் பழைய நோயாளிகள், வயதானவர்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர், ஊன்றுகோலோடு சிலர், சக்கர நாற்காலியில் சிலர். பலர் அக்காவின் முகத்தை அதிகம் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். பின்னறையிலிருந்து முகமூடியோடு எட்டிப் பார்ப்பவர் என்று மட்டுமே தெரிந்திருக்கும்.

தம்பி மகன் தட்டில் காப்பியும், இங்கே கச்சான் என்று சொல்லும் வறுத்த வேர்க்கடலையும் கொண்டுவந்து வைத்தான். என் பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர். எண்பதைத் தாண்டியிருக்கும். ஒரு கச்சானை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. அவருக்கே அது பெரிதாகக் கேட்டிருக்க வேண்டும். இறந்தவரைக் கிடத்தியிருக்கும் இடத்தில் இப்படியா என்று வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"சாரி, சாரி" என்றார். பிறகு தன் பல்லை விரலால் தொட்டுக் காட்டி, பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். "ஷீ மேக். லாங் டைம் ஆல்ரெடி. ஸ்டில் வெரி ஸ்ட்ராங் லா."

நான் கச்சான் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். "சாப்பிடுங்க அங்கிள்" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது. ஒன்றை எடுத்து எனக்குக் கொடுத்தார், ஒன்றைத் தானும் எடுத்துக்கொண்டார். முன் வரிசையில் ஒரு பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் கை நீட்டினாள். சற்று நேரத்தில் அந்தக் கீழ்த்தளம் முழுக்க, இங்கொன்றும் அங்கொன்றுமாக, கச்சான் உடைபடும் சத்தம் கேட்கத் தொடங்கியது.